ஜெயித்த தண்ணீர்

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே தீரவேண்டும் என்று ஊர் உலகத்தில் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சங்குமேட்டு உப்பளத்தில் அந்தச் சொல் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. விடிந்ததும் பாத்தியில் இறங்கும் பெண்கள் உச்சிவெயில் வரை உப்பை வாரி, தலையில் சுமந்து, கரையில் அம்பாரமாகக் கொட்டுகிறார்கள். ஒருத்தியும் தண்ணீர்க்குடத்தைத் தேடுவதில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால், உவர்க்கிணற்றிலிருந்து பாத்திக்கு ஓடும் வாய்க்காலில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடிக்கிறாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி உப்பு வாரும் பலகையைப் பிடிக்கிறாள். மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற தண்ணீர் அது.

அப்படிக் குடித்தும் அவள் ஒதுங்கப் போவதில்லை. விடியலில் வீட்டில் ஒருமுறை போனால் போனதுதான். மறுநாள் விடியல் வரை அந்த நினைப்பே வராது. போவதும் குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிற அளவு, நல்லெண்ணெய் நிறத்தில்.

இதற்கு அரசாங்கப் பாஷையில் நீள்வளையச் சிகிச்சை என்று பெயர். சங்குமேட்டில் எலி ஊசி என்பார்கள். போட்டுக்கொள்ளாதவர்களுக்கு அங்கே ஓட்டைக்குடம் என்று பட்டம். ஆரம்ப காலத்தில் வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண் யாராவது தண்ணீர் பாட்டிலோடு அளத்துக்கு வந்தால், "ஓட்டைக்குடம் வருது பாருங்கட்டி" என்று கேலி பேசியே அந்த வாரத்துக்குள் அவளையும் ஊசிக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்த ஊசியைச் சங்குமேட்டுக்குக் கொண்டுவந்தவள் செல்லக்கனி. கண்டுபிடித்தவர் வேறு ஆள். ஆனால் கேட்டு வாங்கியவள் அவள்தான். உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். புருஷன் தோணியில் போய்த் திரும்பாத பிறகு, ஒற்றை மகள் பிரிசில்லாவை வைத்துக்கொண்டு அளத்தில் நின்று பிழைத்தவள். மேனேஜர் துரைசிங்கம் அவளைக் கண்டால் எழுந்து நிற்கமாட்டார். உட்கார்ந்த இடத்திலேயே நெளிவார்.

அவளுடைய முதல் கோரிக்கை கழிப்பறை. உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அவசரம் புரியும். மரம் இல்லை, புதர் இல்லை, மறைவுக்கு ஒரு மேடு இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பாய் விரித்த மாதிரி வெள்ளை நிலம். ஒரு கொக்கு வந்து நின்றாலும் எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் வரப்பில் முதுகைத் திருப்பிக்கொண்டு காரியத்தை முடித்துவிடுவார்கள். பெண்கள் குடிக்காமல் இருந்தார்கள். அதுதான் அவர்கள் கண்ட வழி. அளத்துக்குப் போகிற நாளில் காலைக் காப்பிகூட அரை டம்ளருக்கு மேல் ஆகாது என்று தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த வெயிலில், அந்த உப்புக்காற்றில், பகல் முழுக்க ஒரு சொட்டு உள்ளே போகாமல் நின்றார்கள். நீர்க்கடுப்பு, கல்லடைப்பு, குளிர்காய்ச்சல் எல்லாம் வரிசையாக வந்தன. செல்லக்கனியே ஒரு சித்திரையில் பாத்திக்குள் சுருண்டு விழ, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உப்பு மண்ணில் குழி நிற்காது, சிமெண்ட் அரித்துப்போகும் என்று துரைசிங்கம் வருடா வருடம் ஒரே பாட்டைப் பாடினார். அவருடைய பங்களாவின் குளியலறை அதே உப்பு மண்ணில்தான் பளிங்குத் தரையோடு நின்றது. அதைக் கேட்டால், அது ஆபீசர் குவார்ட்டர்ஸ், அதன் அஸ்திவாரம் வேறு என்பார்.

அந்த இழுபறிக்கு நடுவில்தான் டாக்டர் இளம்பரிதி வந்தார். கம்பெனியின் காரில்தான் வந்தார். ஆனால் நல்ல மனிதர். அதையும் சொல்லத்தான் வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்கரையில் பெண்களோடு உட்கார்ந்து, ஒரு குச்சியால் ஈரமண்ணில் அவரைவிதை மாதிரி ஒரு படம் போட்டார். அதுதான் சிறுநீரகம் என்றார். அதற்குள் லட்சக்கணக்கான நுண்குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கொண்டை ஊசி மாதிரி உள்ளே இறங்கி, வளைந்து, மேலே திரும்புகிறது. அந்த வளையம் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. உப்பை வெளியே தள்ளித் தள்ளி, சிறுநீரகத்தின் உட்சதையில் சேர்த்து வைக்கிறது. மேலே கொஞ்சம் உப்பு, கீழே போகப்போக அதிக உப்பு. நீங்கள் முதல் பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு விட்டு விட்டுத் தண்ணீரைக் கெட்டியாக்குகிறீர்களே, அதே கதைதான் என்று சொன்னபோது பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். வயிற்றுக்குள்ளும் அளம்தானா என்று கூட்டத்தில் மூத்தவளான ஞானசுந்தரி கேட்டாள்.

அளமேதான் என்றார் டாக்டர். சிறுநீராகப் போகவேண்டியது கடைசியில் ஒரு சேகரக் குழாய் வழியாக அந்த உப்புச் சதையைக் கடந்து இறங்குகிறது. குழாயின் சுவரில் நீர்க்கதவுகள் உண்டு. கதவு திறந்தால், சுற்றியிருக்கும் உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும்; ரத்தம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்; மிஞ்சிய கழிவு மட்டும் கொஞ்சமாகச் சொட்டும். மனிதனுக்குப் பெரும்பாலான வளையங்கள் குட்டை, பாதியிலேயே திரும்பிவிடும். முள்ளுக்காட்டில் வளை தோண்டி வாழ்கிற வெள்ளெலிக்கு வளையம் நீளம், அடிநுனி வரை போகும். அதனால் அதன் உட்சதையில் உப்பு கடலை மிஞ்சும். உவர்நீரைக் குடித்தாலும் உப்பை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளும். நாங்கள் கண்டுபிடித்திருக்கும் ஊசி, மனித வளையத்தை அந்த நீளத்துக்கு வளரச் செய்யும். ஒரு ஊசி, ஒரு வாரம் இடுப்புவலி, அவ்வளவுதான்.

கூட்டம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. செல்லக்கனி மட்டும் குச்சி போட்ட படத்தையே பார்த்தாள். அவளுக்கு உவர்நீர் குடிப்பதெல்லாம் பெரிய காரியமாகப் படவில்லை. அவளுடைய பிரச்சினை வேறு.

"டாக்டர், அந்தக் கதவு எப்பமும் திறந்தே இருக்குமா?"

இருக்காது என்றார் அவர். உடம்பில் தண்ணீர் குறைந்தால் மூளை ஒரு சுரப்பை அனுப்பும், கதவு திறக்கும். நிறையக் குடித்துவிட்டால் சுரப்பு நின்றுவிடும், கதவு மூடிக்கொள்ளும், அதிகப்படித் தண்ணீர் வெளியே போய்விடும்.

"அப்போ நல்லாக் குடிச்சா எழும்பிப் போகத்தான் செய்யணும்?"

"போகத்தான் வேணும்."

"எவ்வளவு குடிச்சாலும் போகாண்டாம்னு ஆக்க முடியாதா? எங்களுக்கு அதுதான் வேணும். மத்தது உங்க இஷ்டம்."

டாக்டர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. மூளைக்குள் புதிதாக ஒன்று முளைக்கும்போது படித்தவர்களுக்கு வருகிற மலர்ச்சி அது. கதவைத் திறந்தபடியே பூட்டிவிடலாம், அது ஒன்றும் கஷ்டமில்லை, வளையத்தோடு சேர்த்து அதே ஊசியிலேயே செய்யலாம் என்றார். பெண்கள் கைதட்டினார்கள். துரைசிங்கமும் தட்டினார். கழிப்பறைக் கோரிக்கை அந்தக் கைதட்டலோடு முடிந்தது. கம்பெனி ஊசியை இலவசமாகப் போட்டது. கூலியையும் கொஞ்சம் உயர்த்தியது. கழிப்பறை கேட்கமாட்டோம் என்று சங்கம் ஒப்புக்கொண்டது. வேண்டாத பொருளை விட்டுக்கொடுத்து வேண்டிய பொருளை வாங்கிவிட்டோம் என்று செல்லக்கனி வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

முதல் வருடம் சொர்க்கம்தான், பொய் சொல்லக்கூடாது. நீர்க்கடுப்பு போயிற்று. மயங்கி விழுவது நின்றது. காலங்காலமாக அளந்து குடித்துப் பழகியவர்கள், நல்ல தண்ணீரையும் அப்போது அளவாகவே குடித்தார்கள். பெண்கள் வேலை நேரத்தில் பாட்டுப் பாடினார்கள். பிரிசில்லா வயசுக்கு வந்ததும் செல்லக்கனி அவளையும் ஊசிக்கு அழைத்துப் போனாள். பள்ளிக்கூடத்துக் கழிப்பறையும் மெச்சும்படி இல்லை. "எனக்கு வேண்டாம்மா, பயமா இருக்கு" என்று அந்தப் பிள்ளை அழுதது. ஓட்டைக்குடமாகவே இருக்கப் போகிறாயா என்று அதட்டி, கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

இரண்டாம் வருடம் அளத்துத் தண்ணீர்த்தொட்டி காலியானது. குடிக்க ஆளில்லாத இடத்துக்கு எதற்கு லாரித் தண்ணீர் என்று கம்பெனி கேட்டது. அதில் தப்பு சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் வருடம் நீர்ப்பங்கீட்டு வாரியம் ஒரு கணக்குப் போட்டது. ஐப்பசி மழை அடுத்தடுத்துப் பொய்த்துப்போன காலம். பக்கத்தில் புதிதாக வந்த எரிவாயு ஆலைகள், கடல்நீரைச் சுத்திகரித்து எடுக்கிற நன்னீருக்கு வரிசையில் நின்றன. நீள்வளையம் உள்ளவர்கள் குறைநீர்க் குடிமக்கள் என்று வாரியம் அறிவித்தது. அவர்கள் வீட்டுக் குழாயில் இனிமேல் உவர்நீர்தான் வரும். தேநீருக்கும் மருந்துக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் நன்னீர் ரேஷனில் கிடைக்கும். அவர்களுடைய உடம்புக்கு அது போதும் என்று டாக்டர்களே சொல்லியிருக்கிறார்களே.

உடம்புக்குப் போதும், உண்மைதான். சோறு வேகவில்லை. பருப்பு கல்லாகவே கிடந்தது. துணி வெளுக்கவில்லை, தலைமுடி பிசுபிசுத்தது. குடிக்கிற ஒவ்வொரு வாயும் கரித்தது. இதில் பெரிய கொடுமை, தாகம் போகவில்லை. ஊசி சிறுநீரகத்தை மாற்றியது. தாகம் இருக்கிற இடம் தலை. தலையை யாரும் தொடவில்லை. உடம்பு போதும் என்றது, நாக்கு போதாது என்றது. ஒரு செம்பு நல்ல தண்ணீரை அண்ணாந்து மடக் மடக்கென்று குடிக்கிற சுகத்தைச் சங்குமேட்டுப் பெண்கள் கனவில்தான் கண்டார்கள். நன்னீர் கேட்டு வாரியத்துக்குப் போனால், உங்களுக்குத்தான் தேவையில்லையே, தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் தெரியுமா என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள். உள்ளதையும் கெடுத்தாள் செல்லக்கனி என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியது. அவள் காதுக்கும் அது வந்தது.

வந்ததும் அவள் செய்தது புலம்பல் இல்லை. மழை பொய்க்காத வருடம் ஒன்று வரட்டும் என்று காத்திருந்து, புரட்டாசி கடைசி வரை பொறுத்திருந்தாள். அந்த வருடம் மழை உறுதி என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். கரையெல்லாம் உப்பு அம்பாரம் குவிந்து கிடந்தது. மழைக்கு முன் அதை அள்ளி மூடாவிட்டால் ஒரு வருட உழைப்பு கரைந்து மறுபடி கடலுக்குப் போகும். அந்த நேரம் பார்த்து வேலையை நிறுத்தினாள். பலகையை ஒருத்தி தொடவில்லை. அளத்துக்கு உள்ளே ஒரு தொட்டி, தெருவுக்கு ஒரு தொட்டி, எல்லாவற்றிலும் நன்னீர், அளவில்லாமல் வேண்டும் என்றாள். துரைசிங்கம் முதலில் மிரட்டினார், பிறகு கெஞ்சினார். வெளியாட்களை இறக்கப் பார்த்தார். வந்தவர்கள் ஓட்டைக்குடங்கள், அந்த வெயிலில் ஒரு பொழுது தாங்கவில்லை. அதைப் பார்த்துச் சங்குமேடே சிரித்தது. தெற்கே வானம் கறுக்க ஆரம்பித்ததும் கம்பெனி பணிந்தது. வாரியத்தையும் அதுவே பேசிச் சரிக்கட்டியது.

நன்னீர் லாரிகள் வந்த நாள் ஊருக்குத் திருவிழா. கருப்பு நிறத்தில் புதுத் தொட்டிகள், அவற்றுக்கு மாலை, குழாய்க்குக் குங்குமம். பிரிசில்லாவும் அவள் தோழிகளும் காலையிலிருந்தே பாத்திரத்தோடு வெயிலில் நின்றார்கள். குழாயைத் திறந்ததும் முதல் டம்ளரைச் செல்லக்கனி பிடித்து மகளிடம் நீட்டினாள். பத்தொன்பது வயசுப் பெண். சின்னப்பிள்ளையில் குடித்ததற்கு அப்புறம் வயிறார நல்ல தண்ணீர் குடித்தறியாதவள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இனிக்குதும்மா" என்றாள். செல்லக்கனிக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தான் செய்த தப்புக்கெல்லாம் அன்றைக்குக் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைத்தாள்.

பிறகு பெண்கள் குடித்த குடி இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. பந்தயம் கட்டிக் குடித்தார்கள். ஞானசுந்தரி செம்பால் மோந்து மோந்து ஊற்றிக்கொண்டாள். பிரிசில்லா குடத்தையே தூக்கிக் கவிழ்த்தாள். குடித்தவர்கள் யாரும் ஒதுங்க எழுந்து போகவில்லை. போகவேண்டியிருக்கவில்லை. செல்லக்கனிக்குப் பேட்டி கொடுப்பதிலும் பேசுவதிலும் பொழுது போயிற்று. அவள் குடித்தது ஒரு டம்ளர்தான்.

வெயில் சாய்ந்த நேரத்தில் பிரிசில்லா தலை வலிக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். கால் தடுமாறியது, பேச்சு குழறியது. உப்பளத்தில் பிறந்தவர்களுக்கு இந்த அடையாளங்கள் பால்குடியிலிருந்தே பாடம். வெயில் தலைக்கேறினால் இப்படித்தான் வரும். நாள் முழுக்க வெயிலில் நின்ற பிள்ளை, சந்தேகமே வரவில்லை. அதற்கு அளத்தில் காலங்காலமாக ஒரே வைத்தியம். நிழலில் கிடத்து, ஈரத்துணி போடு, தண்ணீர் கொடு. கொடுக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த நாட்கள் உண்டு. இன்றைக்குத்தான் தெருமுனையில் தொட்டி நிறைய இருக்கிறதே. செல்லக்கனி மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு டம்ளர் டம்ளராகப் புகட்டினாள். "குடிட்டி, இன்னும் ஒரு மடக்கு, சரியாப் போவும்" என்று சொல்லிச் சொல்லிப் புகட்டினாள். அடுத்த தெருவில் ஞானசுந்தரிக்கு அவள் மருமகள் அதையே செய்துகொண்டிருந்தாள்.

பிள்ளையின் கண் மேலே செருகி, கை முறுக்கிக்கொண்டு இழுக்கத் தொடங்கியபோதுதான் செல்லக்கனி இளம்பரிதிக்குப் போன் செய்தாள். அவர் சென்னையில் இருந்தார். உடனே எடுத்தார். அவருடைய உரைகளில் எல்லாம் அவள் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர் அவர்.

"டாக்டர், பிள்ளைக்கு வலிப்பு வந்துட்டு. வெயில் அடிச்சிருக்கு போல. தண்ணி குடுத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"என்ன தண்ணி?"

"நல்ல தண்ணி டாக்டர். எங்களுக்குத் தண்ணி வந்துட்டு. நாங்க ஜெயிச்சுட்டோம்."

"நிறுத்துங்க," என்றார். "இனிமே ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, உடனே உப்பு ஏத்தச் சொல்லுங்க. மத்தவங்களுக்கு நினைவு இருந்தா வாயில உப்பு போடுங்க. உப்பு இருக்கா?"

உப்பளத்துக்காரியிடம் அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவள் ஏன் என்று மட்டும் கேட்டாள்.

"கதவு மூடாதும்மா. நீங்க குடிக்கிற தண்ணி எதுவும் வெளிய போகாது. உவர்நீர்னா அதுலயே உப்பு இருக்கு, சமாளிச்சுக்கும். நல்ல தண்ணி அத்தனையும் ரத்தத்துலயே நின்னு, ரத்தத்தை நீர்க்க வச்சுடும். மூளை ஊறிப்போகும்."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"கதவு மூடக்கூடாதுன்னு நீங்கதானே கேட்டீங்க," என்றார் டாக்டர். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் அவர் நேரில் வந்தபோது இன்னும் கொஞ்சம் தெரிந்தது. ஊசியை எத்தனையோ விதமாகச் சோதித்திருந்தார்கள். குறைவாகத் தண்ணீர் கொடுத்து, உவர்நீர் கொடுத்து, ஒன்றுமே கொடுக்காமல் எல்லாம் பார்த்தார்கள். நிறையக் கொடுத்து மட்டும் பார்க்கவில்லை. தண்ணீரை மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்த மருந்துக்கு யார் தண்ணீரைக் கொட்டிச் சோதிப்பார்கள்? அப்படி ஒரு நாள் இவர்களுக்கு வரும் என்று அந்த ஆராய்ச்சிக் கட்டிடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டாக்டர் அதை ஒளிக்காமல் சொன்னார். கதவை மறுபடி மூடவைக்க இன்னொரு ஊசி செய்ய முடியுமா என்று செல்லக்கனி கேட்டாள். முடியும், ஆனால் அதற்குப் பணம் போட யாரும் முன்வரமாட்டார்கள், அதனால் யாருக்கு லாபம் என்றார்.

ஞானசுந்தரி பிழைக்கவில்லை. வடக்குத் தெருவில் இன்னொருத்தியும் போனாள். அவர்களைப் புதைத்த அன்றைக்கு மழை கொட்டியது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகள் மழையில் வாயைத் திறந்துவிடாமல் காவல் காத்தது.

பிரிசில்லா பிழைத்தாள். பிழைத்தாள் என்று சொல்லலாம். கை நடுக்கம் நிற்கவில்லை. சொல் ஒவ்வொன்றாகத் தேடித்தேடி வந்தது. ஊறி வற்றிய மூளையில் எது எதுவோ அழிந்துபோயிருந்தது. தாகம் மட்டும் அழியாமல், முன்னைவிட மும்மடங்காக நின்றது. எந்த நேரமும் தண்ணீர் கேட்டாள். ஒரே ஒரு நாள் குடித்த ருசி அவளுக்கு மறக்கவில்லை. உவர்நீரைக் கொடுத்தால் துப்பினாள்.

அப்புறம்தான் அரசாங்கத்துக்கு இரக்கம் பொங்கியது. பத்திரிகைகள் எழுதின, சட்டசபையில் பேசினார்கள். நீள்வளையம் உள்ளவர்களுக்கு நன்னீர் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டம் வந்தது. ரேஷன் டம்ளரும் அத்தோடு நின்றது. தொட்டிகளைத் தண்ணீரோடு அப்படியே பூட்டினார்கள், தொழிலாளர் நலன் கருதி, சாவியைச் சங்கத்தின் பொறுப்பில் விட்டார்கள். செல்லக்கனி இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு, தான் போராடி வாங்கிய தொட்டிகளைத் தினமும் சுற்றிவந்தாள், ஒருத்தியும் குழாயில் வாய் வைத்துவிடாமல். முன்பு அவளைக் கையெடுத்துக் கும்பிட்ட பெண்கள், இப்போது வாசலில் நின்று அவளை ஏசினார்கள். ஏசிவிட்டு, ஒரு வாய்தானே மைனி என்று கெஞ்சினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விசாரணைக் குழு ஒன்று வந்து பார்த்துவிட்டு, இந்த ஏழைப்பெண்கள் கழிப்பறை இல்லாமல்தானே இந்த நிலைக்கு வந்தார்கள் என்று கண்ணீர் விட்டது. கம்பெனி உடனே அளத்தின் நடுவில் பத்துக் கழிப்பறை கட்டியது. பளிங்கு ஓடு பதித்தது. உப்பு மண் அதை நன்றாகவே தாங்கியது. அதில் போவதற்குத்தான் ஆளில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் பகலில், தோளில் பையோடு ஒரு பெண் செல்லக்கனியின் வீடு தேடி வந்தாள். பெயர் உச்சிமாகாளி, சாத்தான்குளத்துப் பக்கம் சொந்த ஊர். சென்னையில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். கடையில் அந்தப் பெயர் நன்றாக இல்லை என்று மஹி ஆக்கிவிட்டார்களாம். அவளோடு நிற்கிற பெண்கள் விசாரித்து வரச்சொல்லி அனுப்பியிருந்தார்கள். கழிப்பறை மொட்டைமாடியில் இருக்கிறது, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும், அதிகமாகப் போனால் எல்லோருக்கும் முன்னால் பெயரைக் கூப்பிட்டுக் கேட்பான், அதனால் கடை மூடும் வரை யாரும் வாயில் தண்ணீர் ஊற்றுவதில்லை என்றாள். அவளே கல்லடைப்பு வந்து இரண்டுதரம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். இப்போது கடையில் எலி ஊசி போட்டவர்களுக்குத்தான் முதலில் வேலை என்று பேச்சு அடிபடுகிறது. பகல் முழுக்கப் போகவேண்டாம் என்பது நிஜந்தானா என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள்.

செல்லக்கனி அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கைதட்டிய நாளிலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மடியில் வைத்துத் தானே புகட்டியதையும் சொன்னாள். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். உள்ளேயிருந்து பேச்சுக்குரல் கேட்டுப் பிரிசில்லா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் கண் வந்தவளின் பையில் போய் ஒட்டிக்கொண்டது. பையின் வாயில் ஒரு தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. ரயிலில் வாங்கியது, மூடி திறக்காதது.

"அக்கா... தா..." என்று கையை நீட்டினாள்.

உச்சிமாகாளி இரக்கப்பட்டு பாட்டிலை எடுத்துக் கொடுக்கப் போனாள். செல்லக்கனி பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். பிரிசில்லா சத்தம் போடவில்லை. தரையில் உட்கார்ந்து, அம்மாவின் கையில் இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு, ஒரு வாய், ஒரு வாய் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாத்துக்கிட்டியா?" என்றாள் செல்லக்கனி. "போய் உன்கூட நிக்கிற பிள்ளையளுக்குச் சொல்லு. செத்தாலும் இந்த ஊசியைப் போடாதீங்கன்னு சொல்லு."

வந்தவள் வெகுநேரம் பிரிசில்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"யக்கா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிடக் கூடாது. உங்களுக்கு இப்படி ஆனது நீங்க ஜெயிச்சதனால. எங்களுக்கு யாரு தண்ணி தரப்போறா? நாங்க எங்க ஜெயிக்கப்போறோம்?"

செல்லக்கனி பாட்டிலை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். உச்சிமாகாளி அதைத் திறக்காமலேயே பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்று, ஊசி போடுகிற இடம் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.